பியர்ட்மோர் பனியாறு: இருப்பிடமும் பெயர் வரலாறும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பியர்ட்மோர் பனியாறு எங்கே இருக்கிறது?

அண்டார்டிகாவைக் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரித்துச் செல்லும் குறுக்கு அண்டார்டிக் மலைத்தொடரின் நடுப்பகுதியில் இருக்கிறது. மலைத்தொடரின் ஒரு புறம் தென் துருவம் அமைந்திருக்கும் உயர்ந்த பனிப் பீடபூமி. மறுபுறம் கடல் மட்டத்தை ஒட்டிப் பரந்து கிடக்கும் ராஸ் பனித்தட்டு. பீடபூமியில் சேர்ந்த பனி, மலைகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளி வழியாக வழிந்து பனித்தட்டில் வந்து சேரும் பாதைகளில் ஒன்றுதான் இந்தப் பனியாறு. இதன் வாய் ஏறத்தாழ 83°45′ தெற்கு அட்சரேகை, 171° கிழக்குத் தீர்க்கரேகையில் உள்ளது. அங்கிருந்து தென் துருவம் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 700 கிலோமீட்டர் தொலைவு. பனியாற்றின் மேற்குக் கரையில் குயின் அலெக்சாண்ட்ரா மலைத்தொடரும் கிழக்குக் கரையில் காமன்வெல்த் மலைத்தொடரும் நிற்கின்றன.

இதைப் பனியாறு என்பதா, பனிப்பாறை என்பதா?

தமிழ்ச் செய்திகளில் இரண்டு சொற்களும் மாறி மாறி வருவதால் இந்தக் கேள்வி எழுவது இயல்பே. கடலில் உடைந்து மிதக்கும் பனிக்கட்டி மலையைப் பனிப்பாறை என்கிறோம்; டைட்டானிக் கப்பல் மோதியது அப்படிப்பட்ட ஒன்றில்தான். பியர்ட்மோரோ நிலத்தின் மேல், பள்ளத்தாக்கை நிறைத்துக்கொண்டு, தன் எடையாலேயே மெல்ல நகரும் பனி. மூலமும் துணையாறுகளும் கரைகளும் முகத்துவாரமும் கொண்டு ஓர் ஆற்றுக்குரிய உறுப்புகள் எல்லாம் அதற்கு உண்டு. வேகம் மட்டும் ஆண்டுக்குச் சில நூறு மீட்டர்தான். எனவே பள்ளிப் பாடநூல்களில் வரும் பனியாறு என்ற சொல்லையே இங்கே பயன்படுத்துகிறோம். ராஸ் பனித்தட்டு இவ்விரண்டிலும் சேராது. பல பனியாறுகள் கொண்டுவந்து சேர்த்த பனி கடலின் மேல் நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனில் மிதப்பதையே பனித்தட்டு என்கிறோம். ராஸ் பனித்தட்டின் பரப்பு பிரான்சு நாட்டின் பரப்புக்கு ஏறத்தாழ நிகரானது.

இது எவ்வளவு பெரியது? உலகிலேயே மிகப் பெரிய பனியாறு இதுதானா?

நீளம் சுமார் 200 கிலோமீட்டர். அகலம் 40 கிலோமீட்டர் வரை. பீடபூமியிலிருந்து பனித்தட்டுக்கு வருவதற்குள் ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரம் இறங்கிவிடுகிறது. பழைய நூல்களில் இதைவிடக் குறைந்த நீளங்களும் காணப்படும். பீடபூமியில் எந்த இடத்தில் பரந்த பனிவெளி முடிந்து பனியாறு தொடங்குகிறது என்பதற்குக் கோடு கிழித்துக் காட்ட முடியாது. அளப்பவர் எங்கிருந்து அளக்கிறாரோ அதைப் பொறுத்து எண் மாறும்.

உலகின் மிகப் பெரிய பனியாறு என்று இதைச் சில இடங்களில் எழுதியிருப்பார்கள். கண்டுபிடிக்கப்பட்ட காலத்தில் இதைவிடப் பெரிய பள்ளத்தாக்குப் பனியாற்றை எவரும் அறிந்திருக்கவில்லை. கிழக்கு அண்டார்டிகாவில் உள்ள லாம்பர்ட் பனியாறு பின்னாளில் தெரியவந்தது. அது ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளமுடையது. ஆகவே, மிகப் பெரியவற்றுள் ஒன்று என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வதே சரி.

பனியாற்றின் மேற்பரப்பு எப்படி இருக்கும்?

வழுவழுப்பான சாலையை நினைத்துக்கொண்டு போனவர்கள் எல்லாரும் ஏமாந்தார்கள். பீடபூமியிலிருந்து கீழ்நோக்கிப் பாயும் குளிர்ந்த, கனமான காற்று, மேற்படிந்த வெண்பனியைப் பல இடங்களில் துடைத்து எடுத்துவிடுவதால், கண்ணாடி போன்ற கடினமான நீலப் பனி வெளியே தெரிகிறது. அதில் கால் நிற்காது. பள்ளத்தாக்கின் தரை திடீரெனச் சரியும் இடங்களிலும், துணைப் பனியாறுகள் வந்து மோதும் இடங்களிலும் பனி இழுபட்டுப் பிளக்கிறது. அந்தப் பிளவுகளின் மேல் மெல்லிய வெண்பனி பாலம்போல் மூடிக்கொண்டால், மேலிருந்து பார்ப்பவருக்குப் பிளவு இருப்பதே தெரியாது. மேல்பகுதியில் செங்குத்தான சரிவுகளில் பனி நொறுங்கி இறங்கும் பனி அருவிகளும் இருக்கின்றன.

இதை முதலில் கண்டவர் யார்?

எர்னஸ்ட் ஷாக்கிள்டன் தலைமையிலான நிம்ராட் பயணக் குழுவினர். 1907 முதல் 1909 வரை நடந்த அந்தப் பயணத்தில், தென் துருவத்தை அடையும் நோக்கத்தோடு ஷாக்கிள்டன், ஜேம்சன் ஆடம்ஸ், எரிக் மார்ஷல், ஃபிராங்க் வைல்டு ஆகிய நால்வரும் 1908 அக்டோபர் 29 அன்று நான்கு மட்டக்குதிரைகளுடன் ராஸ் தீவிலிருந்து புறப்பட்டனர். பனித்தட்டு துருவம் வரை சமதளமாகவே நீளும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்திருக்க வேண்டும். ஆனால் போகப் போக, வழியை மறித்துக்கொண்டு தென்கிழக்காக வளைந்து வந்தது மலைத்தொடர்.

டிசம்பர் 3 அன்று நால்வரும் செந்நிறப் பாறை கொண்ட ஒரு சிறு மலையில் ஏறிப் பார்த்தபோது, மலைச் சுவர்களுக்கு இடையே தெற்கு நோக்கி நீண்டு ஏறும் மாபெரும் பனியாறு அவர்கள் கண்முன் விரிந்தது. துருவத்துக்குப் போகும் வழி கிடைத்துவிட்டது என்ற எண்ணத்தில் அந்த மலைக்கு ஹோப், அதாவது நம்பிக்கை, என்று பெயரிட்டார்கள். அந்த மலைக்கும் பெருமலைகளுக்கும் இடையே இருந்த, பனியாற்றுக்குள் நுழையத் தோதான கணவாய் கேட்வே, அதாவது வாயில், ஆயிற்று. இந்த வட்டாரத்துப் பெயர்களில் எந்த மனிதருக்கும் நன்றி சொல்லாமல், கண்ட காட்சியிலிருந்தே பிறந்த பெயர்கள் சிலவே. இவை இரண்டும் அவற்றில் அடங்கும். மூன்றாவது, பனியாற்றின் நடுவழியில் மேற்குக் கரையில் நிற்கும் கிளவுட்மேக்கர். உச்சியருகே எப்போதும் ஒரு மேகம் தங்கியிருந்ததால், மேகம் செய்யும் மலை என்று அதற்குப் பெயர் வந்தது.

நால்வரும் பனியாற்றில் ஏறிப் பீடபூமியை அடைந்து, 1909 ஜனவரி 9 அன்று 88°23′ தெற்கு அட்சரேகை வரை சென்றனர். துருவத்துக்கு இன்னும் 180 கிலோமீட்டர் இருக்கும்போது உணவு போதாது என்று கணக்கிட்டுத் திரும்பினர். இறங்கும்போது பனியாற்றின் அடிவாரத்தில் உணவு அறவே தீர்ந்துபோனது. கிடங்கில் இருந்த குதிரை இறைச்சியை மார்ஷல் முன்னே சென்று எடுத்து வந்ததால்தான் மற்றவர்கள் பிழைத்தார்கள்.

பியர்ட்மோர் என்பவர் யார்? அவர் இந்தப் பனியாற்றைப் பார்த்ததுண்டா?

பார்த்ததில்லை. வில்லியம் பியர்ட்மோர் (1856–1936) ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத் தொழிலதிபர். பார்க்ஹெட் என்ற பகுதியில் அவருடைய எஃகு ஆலையும், கிளைடு ஆற்றங்கரையில் டால்முயரில் கப்பல் கட்டும் தளமும் இருந்தன. நிம்ராட் பயணத்துக்கு முன் ஷாக்கிள்டன் சிறிது காலம் அவரிடம் வேலை பார்த்தார். பயணத்துக்குப் பணம் திரட்டத் திணறியபோது, 7,000 பவுண்டு வங்கிக் கடனுக்குப் பியர்ட்மோர் உத்தரவாதம் அளித்தார். அந்தக் கையெழுத்து இல்லாமல் பயணம் தொடங்கியிருக்காது. பனியாற்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதை வெறும் முகத்துதி என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. பிரிட்டிஷ் அரசு அந்தப் பயணத்துக்கு முன்பணம் எதுவும் தரவில்லை. அவர்கள் புகழோடு திரும்பிய பிறகே, 1909-இல், கடனை அடைக்க 20,000 பவுண்டு வழங்கியது. அதுவரை பெரும்பாலும் தனியார் பணமும் வாக்குறுதிகளுமே. ஷாக்கிள்டனிடம் திருப்பித் தரக் கைப்பணம் இல்லை. தர முடிந்தது வரைபடத்தில் ஓர் இடம்தான். கோயில் மண்டபத்து டியூப் லைட்டில் வெளிச்சத்தையே மறைக்கும் அளவுக்கு ‘உபயம்’ எழுதியிருப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த ஏற்பாடு புரியாத ஒன்றல்ல. வேறுபாடு என்னவென்றால், இங்கே உபயதாரர் பெயர் 200 கிலோமீட்டர் நீளத்துக்கு எழுதப்பட்டிருக்கிறது.

பியர்ட்மோர் 1921-இல் இன்வர்னெய்ர்ன் பிரபு ஆனார். அவருடைய நிறுவனம் கட்டிய ஆர்–34 என்ற வான்கப்பல் 1919-இல் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து சென்று திரும்பியது. அந்த நிறுவனத்தின் பெயரும் இன்று தொழில் வரலாற்று நூல்களில்தான் இருக்கிறது. பனியாற்றின் பெயர் நிலைத்துவிட்டது.

அதற்கு முன் இந்தப் பனியாற்றுக்கு வேறு பெயர் இருந்ததா?

இல்லை. ஆர்க்டிக் பகுதியில், குறிப்பாகக் கிரீன்லாந்தில், பனியாறுகளுக்கு அங்கே வாழும் இனுயிட் மக்கள் வழங்கிய பெயர்கள் உண்டு; இமயமலையிலும் அப்படியே. பின்னால் வந்த ஐரோப்பியர் அவற்றின் மேல் வேறு பெயர் எழுதினார்கள் என்ற வழக்கும் அங்கெல்லாம் உண்டு. அண்டார்டிகாவில் குடிமக்கள் இருந்ததில்லை. மூடி மறைக்கப்பட்ட பழம்பெயர் ஏதும் இல்லாததால், முதலில் வந்தவர் வைத்ததே முதற்பெயர். இதனாலேயே இந்த வரைபடத்தில் வரலாறு மிக மெல்லிய ஒரே அடுக்காக இருக்கிறது: 1908-க்கு முன் ஒன்றுமில்லை, அதன்பின் ஒவ்வொரு பெயருக்கும் ஆண்டும் ஆளும் உண்டு.

சுற்றியுள்ள மலைகளின் பெயர்களும் பணம் கொடுத்தவர்களுடையவையா?

பெரும்பாலானவை அப்படித்தான், அல்லது மரியாதைக்கு உரியவர்கள் என்று அக்காலத்தில் கருதப்பட்டவர்களுடையவை. ஷாக்கிள்டன் குழுவினர் சூட்டிய பெயர்களைப் பனியாற்றின் வாயிலிலிருந்து மேல்நோக்கிப் படித்துக்கொண்டே போனால், அந்தப் பயணத்தின் வரவுக் கணக்கைப் படிப்பது போலவே இருக்கும். மேற்குக் கரையின் குயின் அலெக்சாண்ட்ரா மலைத்தொடர் அன்றைய பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டின் மனைவியான அரசியின் பெயர். கிழக்குக் கரையின் காமன்வெல்த் மலைத்தொடர், பயணத்துக்கு நிதியுதவி செய்த ஆஸ்திரேலியக் காமன்வெல்த்தை, அதாவது ஆஸ்திரேலிய நாட்டை, குறிப்பது. காமன்வெல்த் என்றதும் இன்று நாம் நினைக்கும் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் கூட்டமைப்பு அல்ல அது. மேலே, பனியாற்றின் தலைப்பகுதியில் இருக்கும் டொமினியன் மலைத்தொடர், பிரிட்டிஷ் முடியின் கீழ் தன்னாட்சி பெற்ற நாடாக, அதாவது டொமினியனாக, அன்று இருந்த நியூசிலாந்துக்கு உரியது.

தனி மலைகளுக்கு வருவோம். குயின் அலெக்சாண்ட்ரா தொடரின் மிக உயர்ந்த சிகரமான கிர்க்பாட்ரிக் மலை (4,528 மீட்டர்) கிளாஸ்கோ வணிகர் ஒருவருடைய பெயரைத் தாங்குகிறது. அவரும் தொடக்க கால ஆதரவாளர். வாயிலருகே காமன்வெல்த் தொடரின் வடகோடியில் நிற்கும் கிஃபின் மலை, அடிலெய்டு நகரில் செய்தித்தாள் நடத்தியவர்களில் ஒருவரும், ஆஸ்திரேலியா செல்லும் கப்பலில் ஷாக்கிள்டனோடு பயணித்தவருமான எவன் கிஃபின் தாமஸின் பெயரைப் பெற்றது. பக்லி மலை, நிம்ராட் கப்பலில் அண்டார்டிக் வட்டம் வரை உடன் வந்து, திரும்பிய கப்பலில் ஊர் போய்ச் சேர்ந்த நியூசிலாந்துப் பண்ணையார் ஜார்ஜ் பக்லிக்கு உரியது. ஐவா மலை, கின்னஸ் மதுபான ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த ஐவா பிரபுவின் நன்கொடைக்குக் கைம்மாறு. துணைப் பனியாறுகளில் கெல்டி, மில் என்ற இரண்டு பெயர்கள் லண்டனில் இருந்த புவியியல் அறிஞர்களான ஜான் ஸ்காட் கெல்டி, ஹியூ ராபர்ட் மில் ஆகியோருடையவை.

இந்தக் கணக்கைப் பிற்காலத்தவரும் கவனித்திருக்கிறார்கள். 1961–62-இல் இங்கு ஆய்வு செய்த நியூசிலாந்து நிலவியல் குழு, மில் பனியாற்றின் கிழக்கே உள்ள மலைத்தொடருக்கு சப்போர்ட்டர்ஸ், அதாவது ஆதரவாளர்கள், என்றே பெயரிட்டது. ஷாக்கிள்டனின் ஆதரவாளர்கள் பெயரில் அங்கே பல சிகரங்கள் இருந்ததுதான் காரணம். தனித்தனி உபயங்களுக்கு எல்லாம் சேர்த்து ஒரே பெயர்ப்பலகை வைத்தது போல.

டார்வின் மலை பரிணாமக் கொள்கையைச் சொன்ன டார்வினின் பெயரா?

இல்லை, அவருடைய மகன் லியோனார்டு டார்வினின் பெயர். ராணுவத்தில் மேஜராக இருந்த அவர் பிரிட்டனின் ராயல் புவியியல் சங்கத்தின் கௌரவச் செயலாளராகவும் பின்னர் தலைவராகவும் இருந்தார். இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது. மலையின் அருகிலேயே தொல்லுயிர் எச்சங்கள் கிடைத்ததால் தந்தையின் பெயர் பொருத்தமாகத் தோன்றுவதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அங்கே நடந்தே சென்றவர்களுக்குப் பெயர் கிடைக்கவில்லையா?

கிடைத்தது. ஆடம்ஸ் மலைகளும் மார்ஷல் மலைகளும் குயின் அலெக்சாண்ட்ரா தொடருக்குள் இருக்கின்றன. பனியாற்றின் தலைப்பகுதியில் வைல்டு மலை இருக்கிறது. அதையொட்டிய பனி அருவிக்கு 1961–62 நியூசிலாந்துக் குழு வைல்டு பெயரையே வைத்தது. மேல்பகுதியின் பெரிய பனி அருவிகள் இன்று ஷாக்கிள்டன் பெயரால் வழங்குகின்றன.

எனக்குப் பிடித்த பெயர் இவர்களுடையது அல்ல. நான்கு மட்டக்குதிரைகளில் சைனாமேன், கிரிசி, குவான் ஆகிய மூன்றும் நடக்க முடியாத நிலையில் பனித்தட்டிலேயே ஒவ்வொன்றாகச் சுடப்பட்டு, உணவாகக் கிடங்குகளில் வைக்கப்பட்டன. மிஞ்சிய சாக்ஸ் என்ற குதிரை மட்டும் பனியாற்றில் கால் வைத்தது. 1908 டிசம்பர் 7 அன்று, வைல்டு நடத்திச் செல்லும்போது பனிப்பாலம் உடைந்து அது ஆழமான பிளவுக்குள் விழுந்து மறைந்தது. இணைப்புக் கட்டை முறிந்ததால் சறுக்கு வண்டியும், வண்டியோடு வைல்டும் தப்பினர். குதிரையை இழந்ததோடு, பின்னால் உணவாகப் பயன்பட வேண்டிய இறைச்சியையும் இழந்தார்கள். குதிரைக்கென்று கொண்டுவந்த மக்காச்சோளத்தை மனிதர்கள் தின்றார்கள். அந்த இடத்தருகே மேற்கிலிருந்து பியர்ட்மோரில் வந்து கலக்கும் சிறிய பனியாற்றுக்குப் பிற்காலத்தில் அமெரிக்கப் பெயர்க் குழு சாக்ஸ் பனியாறு என்று பெயர் வைத்தது. ஒரு காசும் கொடுக்காத பெயர் அது.

ஸ்காட்டின் குழுவும் இதே வழியில்தான் சென்றதா?

ஆம். 1911-இல் தென் துருவத்தை நோக்கிப் புறப்பட்ட ராபர்ட் ஸ்காட் இந்த வழியையே தேர்ந்தெடுத்தார். வழியெங்கும் தன் நாட்குறிப்பில் ஷாக்கிள்டனின் தேதிகளோடு தன் தேதிகளை ஒப்பிட்டுக்கொண்டே சென்றார். பனியாற்றின் அடிவாரத்தை நெருங்கிய வேளையில், டிசம்பர் 5-இல் தொடங்கிய பனிப்புயல் நான்கு நாள் அவர்களைக் கூடாரத்துக்குள் முடக்கியது. 9 அன்று எஞ்சிய குதிரைகளைச் சுட்டார்கள். கசாப்புக்கூடம் என்று பொருள்படும் ஷாம்பிள்ஸ் என்ற பெயர் அந்த முகாமுக்கு அமைந்தது. நாய்கள் திருப்பி அனுப்பப்பட்டன. பிறகு பன்னிரண்டு பேர், மூன்று சறுக்கு வண்டிகளைத் தாங்களே இழுத்துக்கொண்டு பனியாற்றில் ஏறினார்கள். கீழ்ப் பனியாற்றுக் கிடங்கு, நடுப் பனியாற்றுக் கிடங்கு, மேல் பனியாற்றுக் கிடங்கு என்று திரும்பும் வழிக்காக உணவு வைத்துக்கொண்டே போனார்கள். டிசம்பர் 22 அன்று நால்வர் திரும்பினர். 1912 ஜனவரி 4 அன்று பீடபூமியிலிருந்து மேலும் மூவர். அந்த மூவர் இறங்கும்போது, சுற்றிச் செல்ல நேரமில்லாமல், சறுக்கு வண்டியில் உட்கார்ந்தபடியே ஷாக்கிள்டன் பனி அருவிகளில் சறுக்கி இறங்கி உயிர் பிழைத்தார்கள்.

துருவம் சென்ற ஐவர் பிப்ரவரி 7 அன்று பனியாற்றின் தலைப்பகுதிக்குத் திரும்பி வந்தபோது ஏற்கெனவே தளர்ந்திருந்தனர். இடையில் இரண்டு நாள் பிளவுகளின் புதிரில் வழி தவறித் திரிந்தனர். பிப்ரவரி 17 அன்று, பனியாற்றைக் கடந்து முடிக்கும் தறுவாயில், எட்கர் எவன்ஸ் இறந்தார். பனித்தட்டில் மற்ற நால்வரின் மரணம் பரவலாகப் பேசப்படும் அளவுக்கு, முதல் மரணம் இந்தப் பனியாற்றின் காலடியில் நேர்ந்தது என்பது நினைவில் நிற்பதில்லை.

ஸ்காட் குழுவினர் சுமந்து வந்த கற்கள் எவை? இந்தியாவுக்கும் அவற்றுக்கும் தொடர்பு உண்டா?

1908 டிசம்பர் 17 அன்றே, பனியாற்றின் மேற்பகுதியில் பாறை அடுக்குகளுக்கு இடையே நிலக்கரி இருப்பதை வைல்டு கண்டிருந்தார். பனியைத் தவிர ஒன்றுமில்லாத இடத்தில் நிலக்கரி இருந்தால், அங்கே ஒரு காலத்தில் காடு இருந்திருக்க வேண்டும். 1912 பிப்ரவரி 8 அன்று ஸ்காட் குழுவினர் பக்லி மலையடியில் நின்று கற்கள் சேகரித்தபோது, குழுவின் தலைமை அறிவியலாளர் எட்வர்டு வில்சன் இலைத் தடங்கள் பதிந்த துண்டுகளைக் கண்டெடுத்தார். ஏறத்தாழ 16 கிலோகிராம் எடையுள்ள அந்தக் கற்களைக் கடைசிவரை அவர்கள் தூக்கி எறியவில்லை. 1912 நவம்பரில் கடைசிக் கூடாரம் கண்டுபிடிக்கப்பட்டபோது, கற்களும் அங்கே இருந்தன. சாகும் தறுவாயில் இருந்தவர்கள் எதற்காக 16 கிலோ கல்லை இழுத்தார்கள் என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. வில்சனைப் பொறுத்தவரை அது கேள்வியே அல்ல என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தாவரவியலாளர் ஆல்பர்ட் சீவார்டு 1914-இல் அந்த இலைகளை குளோசாப்டெரிஸ் என்று அடையாளம் கண்டு எழுதினார். நாக்கு வடிவ இலைகளைக் கொண்ட, 25 கோடி ஆண்டுகளுக்கும் முன் வாழ்ந்து அழிந்த மர இனம் அது. அதே இலைகள் ராணிகஞ்ச் உள்ளிட்ட கிழக்கிந்திய நிலக்கரி வயல்களில் ஏராளமாகக் கிடைக்கின்றன. அங்கிருந்த பாறை வரிசைக்கு, மத்திய இந்தியாவின் கோண்டு மக்களின் நாட்டை வைத்துக் கோண்டுவானா என்று நிலவியலாளர்கள் பெயரிட்டிருந்தனர். அந்தச் சொல்லை எடுத்தே, தென் கண்டங்கள் ஒன்றாக இருந்த பெருநிலத்துக்கு எட்வர்டு சூஸ் 1885-இல் கோண்டுவானாலாந்து என்று பெயர் வைத்தார். அண்டார்டிகாவும் அந்தப் பெருநிலத்தின் பகுதி என்பதற்கு பக்லி மலையின் இலைகள் கையில் எடுத்துக் காட்டக்கூடிய சான்றாயின. 1969-இல் குயின் அலெக்சாண்ட்ரா தொடரின் மேற்கு ஓரத்தில் உள்ள கோல்சாக் பிளஃப் என்ற இடத்தில் லிஸ்ட்ரோசாரஸ் என்ற ஊர்வன போன்ற விலங்கின் எலும்புகள் கிடைத்தன. அதுவும் தாமோதர் பள்ளத்தாக்கில் கிடைக்கும் விலங்குதான். கடலை நீந்திக் கடக்கக்கூடியது அல்ல.

பியர்ட்மோர் என்ற பெயர் வேறு எங்காவது பயன்படுகிறதா?

டொமினியன் தொடரில், மில் பனியாறு வந்து கலக்கும் இடத்துக்கு அருகே பனியில்லாத ஒரு வறண்ட நிலம் உண்டு. அங்கே கிடைத்த தெற்கு பீச் மர இலைகளுக்கு 1996-இல் நோத்தோஃபேகஸ் பியர்ட்மோரென்சிஸ் என்று அறிவியல் பெயர் வைத்தார்கள். எஃகு ஆலை அதிபர் ஒருவரின் பெயர் பனியாற்றின் வழியாக ஓர் அழிந்த குறுமரத்துக்குப் போய்ச் சேர்ந்த கதை அது. அந்த மரங்கள் எப்போது வாழ்ந்தன என்பதில் ஆய்வாளர்களிடையே நெடுநாள் வாதம் நடந்தது. பனிப்போர்வை எவ்வளவு காலமாக நிலையாக இருக்கிறது என்ற பெரிய கேள்வி அதில் அடங்கியிருந்ததே காரணம்.

அண்டை மலைகளின் பெயர்களும் இப்படி ஊர் சுற்றியிருக்கின்றன. 1994-இல் இப்பகுதியில் கிடைத்த, வெறும் 12 கிராம் எடையுள்ள செவ்வாய்க் கோள் விண்கல், கிடைத்த இடத்தின் பெயரால் குயின் அலெக்சாண்ட்ரா தொடர் 94201 என்று பதிவாகியிருக்கிறது. கிர்க்பாட்ரிக் மலையில் 1990–91 பருவத்தில் எடுக்கப்பட்ட, தலையில் கொண்டையுடைய டைனோசர் மட்டும் மலையின் பெயரைப் பெறவில்லை. உறைந்த கொண்டைப் பல்லி என்று பொருள்படும் கிரையோலோஃபோசாரஸ் என்ற பெயரோடு 1994-இல் அறிவிக்கப்பட்டது.

ஸ்காட்டுக்கு முன்பே துருவத்தை அடைந்த அமுண்ட்சென் ஏன் இந்த வழியில் செல்லவில்லை?

அவர் பனித்தட்டின் வேறொரு கோடியில், திமிங்கல விரிகுடாவில் முகாம் அமைத்திருந்தார். அங்கிருந்து நேர் தெற்காகச் சென்று, யாரும் அறியாத, குட்டையான, மிகச் செங்குத்தான ஒரு பனியாற்றில் 1911 நவம்பரில் ஏறினார். அதற்கு அவர் வைத்த பெயர் ஆக்சல் ஹைபெர்க். நார்வே நாட்டுப் புரவலர் அவர். பெயர் வைக்கும் முறையில் மட்டும் ஷாக்கிள்டனுக்கும் அமுண்ட்செனுக்கும் வேறுபாடு இல்லை.

இன்று இந்தப் பெயர்களை யார் முடிவு செய்கிறார்கள்?

பனியாறு நியூசிலாந்து 1923 முதல் உரிமை கோரும் ராஸ் பிரதேசத்துக்குள் வருகிறது. 1959-இல் கையெழுத்தாகி 1961-இல் நடைமுறைக்கு வந்த அண்டார்டிக் ஒப்பந்தம் எல்லா நாடுகளின் உரிமைக் கோரிக்கைகளையும் அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறது. பெயர் வைக்க ஒரே அதிகாரம் என்று எதுவும் இல்லை. அமெரிக்கா, பிரிட்டன், நியூசிலாந்து போன்ற நாடுகளின் பெயர்க் குழுக்கள் தத்தம் முடிவுகளைப் பதிவு செய்கின்றன. அவற்றையெல்லாம் சர்வதேச அண்டார்டிக் ஆய்வு அறிவியல் குழு ஒரே தொகுப்பில் சேர்த்து வைக்கிறது. ஒரே இடத்துக்கு இரண்டு பெயர்கள் இருக்கும் சிக்கல் அண்டார்டிகாவில் பல இடங்களில் உண்டு. முன்னர் சொன்ன லாம்பர்ட் பனியாறே முதலில் பேக்கர் த்ரீ என்று அமெரிக்கப் பட்டியலில் இருந்து, 1957-இல் ஆஸ்திரேலியர்களால் தங்கள் தேசிய வரைபடத் துறை இயக்குநரின் பெயரைப் பெற்றது. பியர்ட்மோருக்கு அப்படி எதுவும் நேரவில்லை.

இப்போது யாராவது அங்கே நடந்து செல்கிறார்களா?

அரிதாக. நிலவியலாளர்கள் விமானத்தில் வந்து அருகே முகாமிடுகிறார்கள். துருவம் செல்லும் சாகசப் பயணிகள் பெரும்பாலும் வேறு எளிய வழிகளையே நாடுகின்றனர். 2013–14-இல் பென் சாண்டர்ஸ், தார்க்கா லெர்ப்பினியேர் என்ற இருவர் ராஸ் தீவிலிருந்து பியர்ட்மோர் வழியாகத் துருவத்துக்குப் போய், அதே வழியில் திரும்பி வந்தார்கள். 105 நாள்; சுமார் 2,890 கிலோமீட்டர். ஸ்காட் முடிக்காமல் விட்ட பயணத்தை முழுவதுமாக நடந்து முடித்தவர்கள் அவர்களே.

ஷாக்கிள்டன் மறுபடி இந்தப் பனியாற்றுக்கு வந்தாரா?

வருவதாகத் திட்டம் இருந்தது. 1914-இல் புறப்பட்ட பயணத்தில் அவர் அண்டார்டிகாவின் எதிர்க்கரையில், வெடல் கடலில் இறங்கி, துருவத்தைக் கடந்து, பியர்ட்மோர் வழியாக இறங்கி ராஸ் தீவை அடைய எண்ணினார். அவருக்காக இந்தப் பக்கத்திலிருந்து உணவுக் கிடங்குகள் அமைக்க ஏனியாஸ் மெக்கிண்டாஷ் தலைமையில் தனிக் குழு ஒன்று அனுப்பப்பட்டது. அவர்களுடைய கப்பல் புயலில் நங்கூரம் அறுந்து அடித்துச் செல்லப்பட்டது. பெரும்பகுதிப் பொருள்கள் கரையிறக்கப்படாத நிலையிலும், ஸ்கர்வி நோயால் நலிந்தும், அவர்கள் வேலையை விடவில்லை. 1916 ஜனவரி 26 அன்று ஹோப் மலையடியில் கடைசிக் கிடங்கை வைத்தார்கள். வைத்தவர்களில் ஒருவர் எர்னஸ்ட் வைல்டு, 1908-இல் அதே மலையில் ஏறிய ஃபிராங்க் வைல்டின் தம்பி. அன்று அண்ணன் ஷாக்கிள்டனோடு வெடல் கடலின் மிதக்கும் பனியில் கூடாரம் போட்டுக் கிடந்தார். அவர்களுடைய எண்டியூரன்ஸ் கப்பல் மூழ்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. திரும்பும் வழியில் பாதிரியார் ஸ்பென்சர் ஸ்மித் இறந்தார். மே மாதம் மெக்கிண்டாஷும் குழுவின் மற்றொருவரான ஹேவார்டும் கடற்பனியில் நடக்கத் துணிந்து காணாமல் போனார்கள். எஞ்சியவர்களை மீட்க 1917 ஜனவரியில் கப்பல் வந்தபோது அதில் ஷாக்கிள்டன் இருந்தார். ஆனால் ராஸ் தீவோடு திரும்பிவிட்டார். ஹோப் மலையடியில் வைத்த உணவை அவர் எடுக்க வரவேயில்லை.